காலிக் கட்டம்

நாரின் நகரத்து மூன்றாம் மாடியில்
என் கணினி இரவெல்லாம் சாலை பெற்றுக்கொண்டிருந்தது.
தலைமுறைக்கு இருநூறு.
மோசமானவை விடிவதற்குள் செத்துப்போகும்.
மிஞ்சியவை இரண்டிரண்டாய்ச் சேர்ந்து
வளைவுகளை மாற்றிக்கொள்ளும்.
ஆயிரத்தில் ஒன்று, காரணமே இல்லாமல்,
ஏதோ ஒரு புள்ளியில் கால் இடறும்.
சில சமயம் அந்த இடறல்தான்
கணவாயைக் கண்டுபிடிக்கும்.

எது நல்ல சாலை என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.
ஒரே வரி, எட்டு உறுப்புகள், நடுவே கூட்டல் குறிகள்.
வெட்டிய மண்.
கொட்டிய மண்.
அதைச் சுமக்கிற லாரி ஓடும் தூரம்.
பாலம்.
ஏற்றம் ஏழு சதவீதத்தைத் தாண்டினால் தண்டம்,
வளைவின் ஆரம் முந்நூறு மீட்டருக்குக் குறைந்தால் தண்டம்,
பனிச்சரிவுப் பாதையில் கால்வைத்தால் பெருந்தண்டம்.
கல்லறைக்கு முடிவிலி.

முடிவிலியை அதற்குப் புரியவைக்க முடியவில்லை.
ஒன்று போட்டுப் பக்கத்தில் பன்னிரண்டு பூஜ்யம் போட்டேன்.
போதுமான மரியாதை என்று நினைத்தேன்.

ஏப்ரல் முழுக்க ஒரே குழியில் கிடந்தது விடை.
எந்தப் பக்கம் காலெடுத்தாலும் மேடு,
ஆகவே இதுதான் அடி என்று நம்பிவிட்டது.
அப்படியொரு வீட்டில் நானும் ஆறு வருடம் இருந்திருக்கிறேன்.
இருபது சாலைகளை வேண்டுமென்றே கெடுத்து
உள்ளே விட்டேன்.

அறுநூற்றுப் பதினான்காம் தலைமுறையில் அது பிறந்தது.
நாற்பத்தொரு கிலோமீட்டர். ஆற்றை ஒரே முறை தாண்டுகிறது.
வெட்டிய மண்ணெல்லாம் நிரப்பும் மண்ணாகி
ஒரு கூடைகூட மிச்சமில்லை.
ஷெய்ஷென்பெக் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
"மனுஷன் போட்ட கோடு மாதிரியே இல்லை" என்றார்.
பாராட்டுத்தான்.

ஜூனில் முளைக்குச்சி அடிக்கப் போனோம்.
இருபத்தேழாம் கிலோமீட்டரில்
எஸ்பார்செட் பூத்துச் சரிவு முழுக்க இளஞ்சிவப்பு.
நடுவில், என் கோட்டின் மேலேயே,
நூற்றுப்பத்துத் தேன்பெட்டிகள், நீலமும் மஞ்சளுமாய்.
ஒரு கிலோமீட்டர் தள்ளிக் கல்லறைகள்,
பன்னிரண்டு பூஜ்யத்தோடு, பத்திரமாக.

ஊல்கான் முகவலையைத் தூக்கினாள்.
குச்சியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"உன் கணக்கில் நான் எவ்வளவு?"
கோபமில்லை. சந்தையில் விலை கேட்கிற குரல்.

மடிக்கணினியைத் திறந்து தேடினேன்.
அவள் நிற்கிற கட்டம் காலி.
ஆளில்லா விமானம் பறந்தது மார்ச்சில்.
மார்ச்சில் அங்கே பனி, ஒரு நரியின் தடம்.
காலியை நிரல் பூஜ்யமென்று வாசித்திருக்கிறது.
பூஜ்யம் மலிவு.
மலிவின் பக்கம் சாய்வதைத்தானே
அதற்குக் கற்றுக்கொடுத்தேன்.

ஒன்றுமில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.
"இன்னும் எழுதவில்லை" என்றேன்.
"எழுது" என்றாள்.
கத்தி நுனியில் வெண்தேன் எடுத்து நீட்டினாள்,
வெண்ணெய் போல் கெட்டி.
லஞ்சமோ என்று ஒரு கணம் யோசித்தேன்.
தின்றேன்.

பெட்டிக்கு இத்தனை கிலோ, கிலோவுக்கு இத்தனை சோம்,
இருபது ஆண்டு, தள்ளுபடி வீதம்.
வந்தது ஒரு சின்ன மதகின் விலை.
போட்டேன். கோடு அசையவில்லை.
இரட்டித்தேன். அசையவில்லை.
பத்து மடங்கில் மயிரிழை தெற்கே நகர்ந்தது.
இருபத்திரண்டில் சட்டென்று மனம் மாறி
ஆற்றை மூன்று முறை தாண்டி வளைந்து போயிற்று.
செலவு இரண்டேகால் சதவீதம் கூடுதல்.
இதில் எந்த இடத்தில் கணக்கு முடிந்து
நான் தொடங்கினேன் என்று
இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

ஷெய்ஷென்பெக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"எட்டுதானே இருந்தது? இந்த ஒன்பதாவது என்ன?
அலகுகூடப் போடவில்லை."

பையில் ஜாடி இருந்தது. எடுத்து வைக்கவில்லை.

"ஜூன்" என்றேன்.

இன்னும் கையெழுத்துப் போடவில்லை அவர்.